எதிரில் நிற்பவள்

ரோலர் மறுபடி ஓடத் தொடங்கியபோது மணி பதினொன்று பத்து.

தினமும் பதினொன்றுக்கு அதை நிறுத்துவார்கள். உருளையில் மெழுகு தேய்த்துத் துடைக்கப் பத்து நிமிடம் ஆகும். மடிப்புப் பகுதிக்கு அதுதான் தேநீர் நேரம். பிறகு மணி அடிக்கும். ஈர விரிப்புகள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் சுடச்சுட, தட்டையாக வந்து விழும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கும் சலவை ஆலை அது. நாற்பது பேர் வேலை செய்தார்கள். ஜன்னல்கள் எட்டாத உயரத்தில் இருந்தன. வெளியே மழையா வெயிலா என்பது அவற்றின் கண்ணாடியில் தெரியும். உள்ளே எப்போதும் ஒரே பருவம்தான்.

ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர். இந்த மேசையில் நெட்டையும் பொடியும். இருவருக்கும் வேறு பெயர்கள் இருந்தன. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவை பயன்படவில்லை. பொடியின் தலை நெட்டையின் தோளுக்கு எட்டாது. பதினொரு வருடத்துக்கு முன் முதல் நாள் இருவரும் விரிப்பைப் பிடித்து நின்றபோது, "என்ன இது, சறுக்குமரமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். பிறகு ஒருத்தி கைகளைத் தாழ்த்தினாள். மற்றவள் தூக்கினாள். நடுவில் ஓர் உயரம் அமைந்தது. அதை யாரும் அளந்ததில்லை.

நான்கு மூலை. ஆளுக்கு இரண்டு. இழுத்து ஓர் உதறு, கைகளைச் சேர்த்து நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு நெட்டை நடந்து வந்து தன் முனையைப் பொடியின் கையில் கொடுப்பாள். நிமிடத்துக்கு மூன்று விரிப்பு. கண் அவரவர் கையில் இருக்காது, எதிரில் இருப்பவளின் கையில் இருக்கும். வாய் ஓயாது.

"ஒரு ஆணி அடிக்கச் சொன்னேன்டி" என்றாள் நெட்டை. "ஒரே ஒரு ஆணி. கண்ணாடி மாட்ட. எட்டு நாளா சுவத்தை அளந்துக்கிட்டு இருக்கார்."

நெட்டையின் கணவர் தையல்காரர். மூன்று முறை அளக்காமல் கத்தரியை எடுக்கமாட்டார்.

"அடிச்சாரா இல்லையா?"

"இன்னைக்குக் காலையில பென்சில்ல ஒரு புள்ளி வச்சிருக்கார்."

"பரவாயில்லையே. அடுத்த வருஷம் ஆணி வந்துடும்."

"நீ அவருக்கு வக்கீலா? எனக்கு வந்த ஆத்திரத்துல ஒரு வார்த்தை பேசலை. டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

இரண்டாவது விரிப்பு மேசைக்குப் போயிற்று. மூன்றாவதை எடுத்தார்கள். உதறினார்கள். நெட்டையின் இடதுகை மூலை ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

"தூக்கு" என்றாள் பொடி.

"எதை?"

"உன் மூலையை. தொங்குது."

"என்னுது நேராத்தான் இருக்கு. உன்னுதுதான் தொங்குது."

பொடி தன் கைகளைப் பார்த்தாள். பதினொரு வருடமாக இருக்கும் உயரத்தில், முகவாய்க்கு நேராக இருந்தன. நிமிர்ந்தாள். எதிர்ப்பக்க மூலை இப்போது இடுப்புக்கு வந்திருந்தது. அடுத்த கணம் தரையைத் தொட்டது.

தரையில் பட்ட விரிப்பு மறுபடி ஈரப் பகுதிக்குப் போகவேண்டும். அதற்காகத் திட்டு வாங்குவது புதிதாக வந்தவர்கள் மட்டுமே.

"கீழே விட்டுட்டே."

"யாரு, நானா? கண்ணைத் தொறந்து பாருடி."

வார்த்தைகள் துணிக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் வந்தன. நெட்டை சிரித்தாள். உதட்டின் வலது பாதி மட்டும் சிரித்தது.

பொடி தன் இரண்டு மூலைகளையும் விட்டாள். விரிப்பு முழுவதும் தரையில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுன்னா நீட்டேன்."

வலக்கை நேராக நின்றது. இடக்கை பாதி எழுந்து, தானாக இறங்கியது. நெட்டை வலக்கையை மட்டும் பார்த்தாள்.

"நீட்டிட்டேன். போதுமா? இங்க என்ன சர்க்கஸா நடக்குது?"

அதைச் சொல்லிக்கொண்டே இடது பக்கமாகச் சரிந்தாள். பொடி ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தாள். தாங்க முடியவில்லை. இருவருமாக விரிப்பின்மேல் உட்கார்ந்தார்கள்.

*

சூப்பர்வைசர் அவசரப்படாமல் வந்தார். கெட்டவர் இல்லை. ரோலர் பக்கம் நிற்பவர்கள் வருடத்துக்கு இருபது பேராவது மயங்கி விழுவார்கள். அதற்கு அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஈரப் பகுதியின் ஓரத்தில், பிழிந்த துணி மூட்டைகளின்மேல் படுக்கவைப்பார்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர்ப் பாட்டில் ஒன்று அவர் மேசையில் எப்போதும் தயாராக இருக்கும். தன் கையாலேயே குடிக்கவைப்பார். அரை மணியில் எழுந்து வேலைக்கு வந்துவிடுவார்கள். இதுவரை யாரும் எழாமல் இருந்ததில்லை.

"சூடு ஏறிடுச்சு" என்றார். "மூட்டைமேல படுக்க வைங்க. தலையைத் தூக்கிப் பிடி, தண்ணி குடுக்கிறேன்."

"இது சூடு இல்ல சார்."

"இருபது வருஷமா பாக்குறேன்மா."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள் நெட்டை. "இவதான் பயந்துக்கிறா. ரெண்டு நிமிஷம் குடுங்க."

"பாத்தியா, அவளே சொல்றா. தெளிவா பேசுறா."

"தெளிவாவா சார் பேசுறா? இவ வாயைப் பதினோரு வருஷமா கேக்குறேன். இது அவ வாயே இல்ல."

அவர் பாட்டிலை நெட்டையின் உதட்டருகே கொண்டுபோனார். பொடி அதைத் தட்டிவிட்டாள். பாட்டில் உருண்டு ரோலருக்கு அடியில் போயிற்று.

"தண்ணி குடுக்காதீங்க! புரையேறிச் செத்துடுவா."

சூப்பர்வைசரின் பாட்டிலை அதுவரை யாரும் தட்டிவிட்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொடியின் கணவர், கை மரத்துப்போகிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றார். பொடி போர்வை போர்த்திவிட்டாள். சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். நாலு மணிக்குத் தேநீர் போட்டுக்கொண்டுபோய் எழுப்பினாள். இப்போது அவரிடம் ஒரு சொல் மட்டும் மிச்சம். சரி. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றாலும் சரி. காலையில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, மாற்றிவிட்டுத்தான் பொடி வேலைக்கு வருவாள். அன்று மருத்துவர் சொன்னது ஒரே வாக்கியம்: மதியமே வந்திருக்கலாமே.

பொடி போனில் அவசர உதவி எண்ணை அழைத்தாள். ஒரு பெண் குரல் கேள்விகள் கேட்டது. முகம் கோணியிருக்கிறதா. கை. பேச்சு.

"மூணும் இருக்கு" என்றாள் பொடி.

"சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் குடுக்காதீங்க. மாத்திரையும் வேணாம். எத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தாங்கன்னு குறிச்சு வச்சுக்கங்க, அது முக்கியம். ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியில இருக்கு. வர முப்பது நிமிஷம் ஆகும்."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்க வண்டியிலயே வந்துட்டா?"

"ஸ்கேன் அங்கதான் இருக்கு. வர முடிஞ்சா உடனே வாங்க. நான் சொல்லி வைக்கிறேன்."

பின்வாசலில் பெரிய ஆஸ்பத்திரிக்கான துணி வண்டி நின்றது. பாதிச் சுமை ஏறியிருந்தது. காலையில் அவர்கள் மடித்த விரிப்புகள். தினமும் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும்.

"அந்த வண்டியில ஆளை ஏத்தக் கூடாது" என்றார் சூப்பர்வைசர். "லோடு முடியலை. ஆபீஸ்ல கேக்கணும். இரு, நான் போன் பண்ணி அனுமதி வாங்குறேன்."

"வாங்கி வைங்க சார். நாங்க திரும்பி வந்து பாத்துக்கிறோம்."

ஓட்டுநர் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொடியைவிட வயதில் சின்னவர். ஒன்றும் கேட்கவில்லை. சக்கரம் வைத்த துணித்தொட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடியில் நாலு போர்வைகளைப் போட்டார். மூன்று பேர் சேர்ந்து நெட்டையைத் தூக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னைத் துணி மாதிரி அள்ளுறீங்களா? எறக்குங்கடி. எனக்கு என்ன கேடு?"

"அக்கா, கொஞ்சம் தளர்ந்து படுங்கக்கா" என்றார் ஓட்டுநர். "கஞ்சி போட்ட துணிகூட இவ்வளவு விறைக்காது."

வண்டி நகர்ந்தபோது சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்தபடி பின்னால் நாலடி நடந்து வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

*

வண்டியில் ஜன்னல் இல்லை. கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது. பொடி விரிப்பு அடுக்குகளுக்கு நடுவே முட்டிபோட்டு, தொட்டியை நகராமல் பிடித்துக்கொண்டாள். தையல்காரரைப் போனில் அழைத்தாள்.

"அண்ணா, பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. இப்பவே. அவளுக்குப் பக்கவாதம் மாதிரி இருக்கு."

"காலையில நல்லாத்தானே..."

"யோசிக்கிறதை ஆட்டோவுல உக்காந்து யோசிங்க. கிளம்புங்க."

"ஏன்டி அவருக்குப் போன் பண்ணுற?" என்றாள் நெட்டை. "நான் அவரோட பேசலைன்னு சொன்னேன்ல."

"நீ பேசாத. நான்தானே பேசுறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"சரி, இல்ல. இல்லாததை டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துடுவோம்."

வண்டி நின்றது. கதவைத் திறந்த ஓட்டுநரின் முகம் வெளிறியிருந்தது. "அக்கா, தப்பு பண்ணிட்டேன்."

அது பின்வாசல். தினமும் துணி இறக்கும் இடம். கை பழகிய வழியில் ஸ்டியரிங்கைத் திருப்பியிருந்தது. அவசரப் பிரிவு கட்டடத்தின் மறுபக்கம். ஒருவழிப் பாதையில் சுற்றிக்கொண்டு போனால் மழை நெரிசலில் பத்து நிமிடம்.

"எனக்கும் தோணலை பாரு" என்றாள் பொடி. "விடு. இதுவும் ஆஸ்பத்திரிதானே. எறக்கு."

காவலாளி குடையை மடக்கியபடி வந்தார்.

"யாரும்மா இது? இது துணி வர்ற வழி. நோயாளியை முன்பக்கம் கொண்டு போங்க."

"முன்பக்கம் போனா செத்துடுவா."

"உள்ள விட்டா எனக்கு வேலை போயிடும். ரசீது இல்லாம ஒண்ணையும் விடக் கூடாது."

"ரசீதுதானே? எழுதிக்கங்க. ஒரு உருப்படி. மடிக்காதது."

காவலாளி தொட்டிக்குள் பார்த்தார். நெட்டை கோணிய வாயுடன் அவரை முறைத்தாள். "என்ன பாக்குற?" என்றாள்.

அவர் குடையை எறிந்துவிட்டு முன்னால் ஓடினார். சரக்கு லிப்டின் கதவைத் திறந்து காலால் அடைத்துப் பிடித்தார். "நீளமா போங்க, கடைசியில வலது. தள்ளுங்க. ஓரமா, ஓரமா!" அழுக்குத் துணி அறை, சமையற்கூடத்தின் பின்கதவு, பாத்திரங்களின் சத்தம், பிறகு நீண்ட தாழ்வாரம். தொட்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. எதிரில் வந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

அவசரப் பிரிவின் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்தைந்து.

*

மருத்துவர் இளம்பெண். தூங்கி ரொம்ப நேரம் ஆனவள்போல் இருந்தாள். ஆனால் கைகள் வேகமாக வேலை செய்தன. ஸ்கேன் எடுத்து வந்து, நின்றபடியே பேசினாள்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. ரத்தக் கசிவு இல்ல, அது நல்லது. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்சதிலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். சீக்கிரமா போடப் போட நல்லது. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?"

பொடி வாயைத் திறக்குமுன் தையல்காரர் பேசினார். அப்போதுதான் வந்திருந்தார். அளவு நாடா கழுத்தில் கிடந்தது. சட்டை நனைந்திருந்தது.

"காலையிலேர்ந்தே ஒரு மாதிரிதான் இருந்தா டாக்டர். ஒரு வார்த்தை பேசலை. முகம்கூட ஒரு மாதிரி..."

மருத்துவரின் பேனா நின்றது. "எத்தனை மணிக்கு?"

"ஆறரை இருக்கும்."

"ஆறரைன்னா..." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. "நேரம் தாண்டிடுச்சே. அப்படின்னா இந்த ஊசி போடறது ஆபத்து."

"அவ காலையில பேசாதது வியாதி இல்ல, கோபம்" என்றாள் பொடி. "இவர் ஒரு ஆணி அடிக்கலை. அதுக்கு."

"ஆணியா?"

"அண்ணா, சொல்லுங்க. அடிச்சீங்களா?"

தையல்காரர் தலையைக் குனிந்தார். "புள்ளி வச்சிருக்கேன்."

"டாக்டரம்மா, எட்டு மணிக்கு இவளும் நானும் மடிக்க ஆரம்பிச்சோம். பதினொண்ணு வரைக்கும் ஐந்நூறு ஷீட். கை சரியில்லாதவ ஐந்நூறு மடிப்பாளா? ஒண்ணுல ஒரு விரல் அகலம் கோணல் இருக்கட்டும், நான் வாயை மூடிக்கிறேன். கீழ வண்டியில இருக்கு எல்லாம். உங்க வார்டுக்குத்தான். பிரிச்சுப் பாருங்க. பதினொண்ணுக்கு டீ. டம்ளரை இடது கையில வச்சுக்கிட்டு வலது கையால என் முதுகுல அறைஞ்சா. பதினொண்ணு பத்துக்கு ரோலர் ஓடிச்சு. ரெண்டு ஷீட் நேரா வந்தது. மூணாவதுல மூலை இறங்குச்சு. பதினொண்ணு பதினொண்ணு. எழுதிக்கங்க."

மருத்துவர் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க யாரு? தங்கச்சியா?"

"எதிர்ல நிக்கிறவ."

மருத்துவர் எழுதினாள். பதினொன்று பத்து.

பிறகு ஒரு தாளை எடுத்துத் தையல்காரரிடம் நீட்டினாள். "ஊசி போட்டா நல்லா ஆக வாய்ப்பு அதிகம். ஆனா சில பேருக்கு மூளையில ரத்தம் கசியலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். மறைக்காம சொல்றேன். அவங்ககிட்டயும் கேட்டேன். தனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க. இடது பக்கம் செயல் இழந்ததே அவங்களுக்குத் தெரியலை. இந்த வியாதியில அப்படியும் வரும். நீங்க முடிவு சொல்லணும்."

தையல்காரர் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்க அண்ணன் வந்துடட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம். மழை வேற."

"ஒரு மணி நேரத்துல மூளையில நிறைய செத்துப்போயிடும்."

"நான் துணி வெட்டறவன் டாக்டர். ஒரு தடவை கத்தரி வச்சிட்டா ஒட்ட முடியாது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா அவ பொறந்த வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"போடாம இருந்தா என்ன ஆகும்னு எங்க வீட்டுல வந்து பாருங்க" என்றாள் பொடி. "ஆறு வருஷமா ஒரு ஆளைப் புரட்டிப் போடுறேன். அவர்மேல எனக்குக் கோபம் கிடையாது. போர்வை போர்த்திவிட்ட கை இருக்கே, அதுமேலதான்."

"உனக்குத் தைரியம் ஜாஸ்திம்மா. எனக்கு வராது."

பொடி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படுக்கைக்குப் போனாள். நெட்டை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொடி அவளுடைய இடக்கையைத் தூக்கினாள். மணிக்கட்டுக்குமேல் ரோலர் சுட்ட பழைய தழும்பு பளபளத்தது. அந்தக் கையை நெட்டையின் வலக்கையில் வைத்தாள்.

"இது யாரு கை?"

நெட்டை தடவிப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"உன்னுது."

"நல்லா பாரு."

"உன்னுதுதான்டி. எடு. கனமா இருக்கு. எதுக்கு என்மேல போடுற?"

தையல்காரர் அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது பட்ட அன்று கட்டுப் போட்டுவிட்டவர் அவர்தான். மடியில் துணி கிடப்பதுபோல் கிடந்த அந்தக் கையைத் தொடப் போனார். தொடவில்லை. மருத்துவரிடம் திரும்பினார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

"படிச்சிட்டுப் போடுங்க."

"படிச்சா போட மாட்டேன். இடத்தைக் காட்டுங்க."

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஊசி ஏறத் தொடங்கியது.

*

ஒரு மணி நேரம் மருந்து சொட்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் காத்திருக்கவேண்டும் என்றார்கள். ஒரு செவிலி அடிக்கடி வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். வந்தபோதெல்லாம் நெட்டையிடம் பெயர் கேட்டாள். நெட்டை ஒவ்வொரு முறையும் அதிகக் கோபத்தோடு சொன்னாள். கோபம் குறைந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள் செவிலி.

வெளியே நீள இருக்கையில் பொடியும் தையல்காரரும் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் தேநீரும் ரொட்டியும் வாங்கி வந்து வைத்துவிட்டு, ஆலையிலிருந்து ஏழு முறை அழைப்பு வந்துவிட்டது என்று சொல்லிப் போனார். யாரும் ரொட்டியைத் தொடவில்லை.

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று தொடங்கினார் தையல்காரர்.

"நான்தான் போட வச்சேன்னு சொல்லுங்க. உங்க அண்ணன்கிட்ட, அவ பொறந்த வீட்டுல, எல்லார்கிட்டயும். நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அதுக்குச் சொல்லலைம்மா."

"எதுக்குச் சொன்னாலும் அதான்."

அவர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார். விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"அது செங்கல் சுவர்" என்றார். "தப்பான இடத்துல அடிச்சா காரை பேந்துடும்."

"பேந்தா என்ன? பூசிக்கலாம்."

அவர் ரொட்டியைப் பிட்டுப் பாதியைப் பொடியிடம் கொடுத்தார். இருவரும் மெல்லாமல் விழுங்கினார்கள்.

அண்ணன் வந்தார். நடந்ததைக் கேட்டார். "என்னைக் கேக்காம எப்படிக் கையெழுத்துப் போட்டே?" என்றார்.

"போட்டுட்டேன்" என்றார் தையல்காரர். அண்ணனைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் மேலும் ஏதோ சொன்னார். தையல்காரர் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு செவிலி கூப்பிட்டாள். நெட்டை நெற்றியைச் சுருக்கிப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே இடது கட்டைவிரல் மேலே வந்தது. கீழே போயிற்று.

"பொடி."

"சொல்லு."

"என் கை ஏன்டி இவ்வளவு கனமா இருக்கு?"

"என்ன சொன்னே?"

"என் கைடி. கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. காது கேக்கலையா உனக்கு?"

பொடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தையல்காரர் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

"இவர் எதுக்கு வந்தார்?" என்றாள் நெட்டை. "ஆணி அடிச்சாச்சா?"

*

நான்காம் நாள் சூப்பர்வைசர் வந்தார். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கட்டிலின்மேல் வைத்தார். பொடி காலை வேலை முடிந்து நேராக அங்கே வந்திருந்தாள். தையல்காரர் தலைமாட்டில் நின்றார். நெட்டை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் மெல்லிய சாய்வு மிச்சமிருந்தது. இடது விரல்கள் சொன்னதைக் கேட்டன, கொஞ்சம் தாமதமாக. மூன்று மாதம் பயிற்சி வேண்டும் என்றிருந்தார்கள்.

"நான் சூடுன்னுதான் நினைச்சேன்மா" என்றார் சூப்பர்வைசர்.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு நானும்தான் சார் சொன்னேன்" என்றாள் நெட்டை. "நல்லவேளை, இவ நம்ம ரெண்டு பேர் பேச்சையும் கேக்கலை."

"அந்தப் பாட்டிலை எடுத்து உள்ள வச்சிட்டேன்." அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "ஒரு சின்ன விஷயம். அன்னைக்கு வண்டி இங்க நின்னதுல மீதித் துணி ரெண்டு மணி நேரம் லேட். மேல கேள்வி கேக்குறாங்க. அனுமதி இல்லாம வண்டியை எடுத்தது, லோடு முடியாம கிளம்பினது..."

"யாரைக் கேக்குறாங்க?" என்றாள் பொடி.

"என்னைத்தான் மொதல்ல கேட்டாங்க. நீ ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துடு. ரெண்டு வரி. அதோட முடிஞ்சிடும். இல்லன்னா திங்கக்கிழமை உள்ள விடாதேன்னு சொல்றாங்க."

"எழுத மாட்டேன்."

"வீம்பு பண்ணாதம்மா. வீட்டுல உன்னை நம்பி ஒருத்தர் படுத்திருக்கார்."

"அவர் படுத்திருக்கிறதாலதான் எழுத மாட்டேங்கிறேன்."

சூப்பர்வைசர் தையல்காரரைப் பார்த்தார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன். யோசிச்சு நடக்கிறவர் நீங்க."

"யோசிச்சேன்" என்றார் தையல்காரர். "வேணாம்."

தாள் சூப்பர்வைசர் கையிலேயே இருந்தது.

"குடுங்க சார்" என்றாள் நெட்டை. "நான் எழுதுறேன்."

"நீ சும்மா இரு" என்றாள் பொடி.

"வண்டியில வந்தது யாரு, நீயா? என்னைத்தானே ஏத்திக்கிட்டு வந்தாங்க. பேனா குடுங்க சார். வலது கை நல்லாத்தான் இருக்கு."

அவர் பேனாவைக் கொடுத்தார். நெட்டை தாளைப் பிரித்து முழங்காலின்மேல் வைத்தாள். அது வழுக்கிற்று. தையல்காரர் குனியப்போனார். "விடுங்க" என்றாள். இடக்கையைத் தூக்கித் தாளின்மேல் போட்டாள். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து அழுத்தின. தாள் நின்றது.

அன்றைய தேதியை எழுதினாள். அடியில் ஒரு கோடு இழுத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ம், சொல்லுங்க சார். இவ செஞ்ச தப்பு என்ன?"